நோபல் வேண்டாம் என்ற மருந்து... பச்சிளங்குழந்தையின் மூச்சைக் காப்பாற்றுவது எப்படி? டைனமைட் மனிதரின் கதை!

1896-ம் ஆண்டு. டைனமைட்டைக் கண்டுபிடித்து ஐரோப்பாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவராகிவிட்ட ஆல்ஃபிரட் நோபலுக்கு இதய நோய். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து என்ன தெரியுமா? நைட்ரோகிளிசரின். ஆமாம், டைனமைட்டுக்குள் இருக்கும் அதே வெடிபொருள்தான்! எதை விற்று கோடீஸ்வரர் ஆனாரோ, அதையே மருந்தாக உட்கொள்ளச் சொன்னார்கள். நோபல் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அவர் மறுத்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வெடிபொருள் உடலுக்குள் போய் எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதற்கான விடை கிடைக்க இன்னும் 80 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. விடையைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்தது நோபல் பரிசு. அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு, பிறந்த சில மணி நேரத்தில் நீலம் பாரித்து உயிருக்குப் போராடும் குழந்தைகளை மருத்துவர்கள் மீட்கிறார்கள்.

வெடிமருந்துக்கும் தொட்டில் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? நோபலின் வாழ்க்கையிலிருந்தே பார்க்கலாம்.

எட்டுக் குழந்தைகளில் பிழைத்தது நான்கு

ஆல்ஃபிரட் நோபல் 1833 அக்டோபர் 21-ம் தேதி ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். அப்பா இம்மானுவேல் நோபல், கட்டுமானம், கண்டுபிடிப்பு என்று ஓயாமல் எதையாவது முயற்சி செய்யும் மனிதர். அம்மா ஆண்ட்ரியெட். ஆல்ஃபிரட் பிறந்த அதே ஆண்டில் அப்பா திவாலாகிவிட்டார்.

பணம் மட்டும் பிரச்னை இல்லை. அந்தத் தம்பதிக்கு மொத்தம் எட்டுக் குழந்தைகள். சிறுவயதைத் தாண்டி வளர்ந்தது நான்கு பேர்தான்: ராபர்ட், லுட்விக், ஆல்ஃபிரட், எமில். மற்ற நான்கு பேரையும் அந்தத் தாய் பறிகொடுத்தார். 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது அபூர்வம் இல்லை. குழந்தை பிறந்தால் பிழைக்குமா பிழைக்காதா என்று பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.

ஆல்ஃபிரட்டும் நோஞ்சான் குழந்தைதான். பிற்பாடு 18 வயதுவாக்கில் ஆங்கிலத்தில் அவர் எழுதிய நீண்ட கவிதை ஒன்று இருக்கிறது. தன் தொட்டில் எந்த நேரமும் மரணப் படுக்கையாக மாறலாம் என்ற நிலையில் இருந்ததையும், அம்மா பல ஆண்டுகள் கண்ணை இமை காப்பதுபோல் தன்னைக் காத்ததையும் அதில் எழுதியிருக்கிறார். கடைசி வரைக்கும் அம்மா மேல் அவருக்கு இருந்த பாசம் குறையவே இல்லை.

ரஷ்யாவில் படிப்பு, பாரிஸில் ஒரு துளி

1837-ல் அப்பா பிழைப்புத் தேடி வெளிநாடு கிளம்பினார். கடைசியில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் காலூன்றி, ரஷ்ய ராணுவத்துக்குக் கடல் கண்ணிவெடிகளும் இயந்திரங்களும் செய்துகொடுக்க ஆரம்பித்தார். 1842-ல் குடும்பமும் அங்கே போய்ச் சேர்ந்தது. கையில் காசு வந்ததும் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே ஆசிரியர்கள் வந்தார்கள். 17 வயதுக்குள் ஆல்ஃபிரட் ஸ்வீடிஷ், ரஷ்யன், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் என ஐந்து மொழிகளில் எழுதவும் பேசவும் கற்றுக்கொண்டார்.

1850-ல் மேல்பயிற்சிக்காக பாரிஸில் பெலூஸ் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கேதான் நோபலுக்கு அஸ்கானியோ சொப்ரேரோ என்ற இத்தாலிய வேதியியலாளரின் அறிமுகம் கிடைத்தது. 1847-ல் நைட்ரோகிளிசரினை முதன்முதலில் தயாரித்தவர் இவர்தான். கிளிசரினை நைட்ரிக் அமிலம், கந்தக அமிலம் இரண்டோடும் கலந்தால் கிடைக்கும் எண்ணெய் போன்ற திரவம். லேசாகத் தட்டினாலும் சூடானாலும் வெடிக்கும்.

சொப்ரேரோ இன்னொன்றையும் கவனித்திருந்தார். இதைக் கொஞ்சமாக நாக்கில் வைத்துப் பார்த்தாலே தலை விண்விண் என்று வலிக்கும். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாத இந்தத் திரவத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவது ஆபத்து என்று அவர் நினைத்தார். நோபலோ, அந்த வெடிப்பை நம் கட்டுப்பாட்டில் வைக்க முடிந்தால் மலையையே குடையலாமே என்று யோசித்தார். அந்தத் தலைவலியை அப்போது பெரும்பாலானோர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் ஒரு பெரிய மருத்துவக் கண்டுபிடிப்புக்கு முதல் துப்பு அதுதான்.

தம்பியைப் பறித்த வெடிப்பு

கிரிமியப் போர் 1856-ல் முடிந்ததும் ரஷ்ய ராணுவத்தின் ஆர்டர்கள் நின்றன. அப்பா மறுபடியும் திவால். பெற்றோர் ஸ்டாக்ஹோம் திரும்பினார்கள். 1863-ல் ஆல்ஃபிரட்டும் வந்து சேர்ந்து, நைட்ரோகிளிசரினில் முழுமூச்சாக இறங்கினார். சின்ன வெடிப்பை உண்டாக்கி அதன் மூலம் பெரிய வெடிப்பைத் தூண்டும் டெட்டனேட்டரை உருவாக்கினார். வெடிப்பை நாம் நினைத்த நேரத்தில் நடத்தலாம் என்ற நிலை இதனால்தான் வந்தது.

1864 செப்டம்பர் 3. ஸ்டாக்ஹோமில் ஹெலனெபோரி என்ற இடத்தில் இருந்த அவர்களுடைய கொட்டகை வெடித்துச் சிதறியது. பலர் உயிரிழந்தார்கள். அதில் ஒருவர் ஆல்ஃபிரட்டின் கடைசித் தம்பி எமில். வயது 20. பிழைத்து வளர்ந்த நான்கு பிள்ளைகளில் ஒருவர் அன்றைக்குப் போனார். சில மாதங்களில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அதன்பின் அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1872-ல் அவர் இறந்ததும் அதே செப்டம்பர் 3-ம் தேதி.

நகருக்குள் இந்த வேலையே கூடாது என்று நிர்வாகம் தடை போட்டது. நோபல் விடவில்லை. ஏரியில் ஒரு படகை நிறுத்தி, அதில் தயாரிப்பைத் தொடர்ந்தார். பிறகு ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கம் க்ரூம்மெல் என்ற இடத்தில் தொழிற்சாலை தொடங்கினார். 1866-ல் அதுவும் வெடித்தது. அதே ஆண்டு பனாமாவில் ஒரு கப்பலிலும், சான் பிரான்சிஸ்கோவிலும் நைட்ரோகிளிசரின் வெடித்து உயிர்கள் போயின.

டைனமைட் பிறந்தது

இந்தத் திரவத்தை எதிலாவது ஊறவைத்து அடக்க முடியுமா என்று தேடினார் நோபல். க்ரூம்மெல் பகுதியில் கிடைத்த கீசல்குர் என்ற மண் கைகொடுத்தது. நுண்ணிய பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான, பஞ்சுபோல் உறிஞ்சும் மண் அது. அதில் நைட்ரோகிளிசரினை ஊறவைத்தால் மாவுபோல் பிசைந்து குச்சியாக உருட்டலாம். கீழே போட்டாலும் சட்டென்று வெடிக்காது. டெட்டனேட்டர் வைத்தால் மட்டும் வெடிக்கும். 1867-ல் காப்புரிமை வாங்கினார். சக்தி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு டைனமைட் என்று பெயர் வைத்தார்.

சுரங்கம், ரயில் பாதை, துறைமுகம், கால்வாய் என எல்லா இடத்துக்கும் டைனமைட் போனது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1882-ல் திறக்கப்பட்ட கோட்ஹார்ட் ரயில் சுரங்கத்துக்கும் இதுதான் பயன்பட்டது. பல நாடுகளில் தொழிற்சாலைகள் முளைத்தன. வாழ்நாள் முழுக்க நோபல் வாங்கிய காப்புரிமைகள் மொத்தம் 355.

திங்கட்கிழமை தலைவலி

டைனமைட் ஆலைகளில் ஒரு விநோதம் நடந்தது. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வரும் தொழிலாளர்களுக்குத் தலை பிளப்பதுபோல் வலிக்கும். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். அடுத்த திங்கள் மறுபடியும் அதே வலி. நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போனதுதான் காரணம். தினமும் போனால் உடல் பழகிக்கொள்ளும், ஒரு நாள் விட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். அதனால்தான் திங்கட்கிழமை தோறும் இந்த அவதி. நோபலுக்கும் இந்தத் தலைவலி நன்றாகவே தெரியும்.

அப்படின்னா தலைவலி ஏன் வருகிறது? இந்தப் பொருள் ரத்தக்குழாய்களை விரிய வைக்கிறது. தலையில் உள்ள குழாய்கள் விரிந்து, ரத்தம் பாயும்போது வலி தெறிக்கிறது.

இதையே வேறு கோணத்தில் பார்த்தார்கள் மருத்துவர்கள். டைனமைட்டுக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1867-ல், லாடர் பிரன்டன் என்ற பிரிட்டன் மருத்துவர், ரத்தக்குழாயை விரிக்கும் அமைல் நைட்ரைட் என்ற பொருளை முகரவைத்தால் இதயவலி குறைகிறது என்று எழுதினார். அதைப் பின்தொடர்ந்து லண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரெல், நைட்ரோகிளிசரினை மிக மிகக் குறைந்த அளவில் முதலில் தானே எடுத்துப் பார்த்தார். பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்தார். 1879-ல் முடிவை வெளியிட்டார். நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் மருந்தானது அப்படித்தான். இன்றைக்கும் நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லும் மாத்திரை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வெடிபொருள் என்றால் மருந்துக்கடைக்காரரும் நோயாளியும் பயந்துவிடுவார்கள் அல்லவா? அதனால் டிரைநைட்ரின் என்ற வேறு பெயரில் அதைக் கொடுத்தார்கள்.

தனிமை, உயில், கடைசி நாட்கள்

நோபல் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1873 முதல் பாரிஸில் வாழ்ந்தார். தொழிற்சாலை, ஆய்வகம், ரயில் பயணம், கடிதங்கள் என்றே வாழ்க்கை ஓடியது. 1876-ல் அவரிடம் மிகக் குறுகிய காலம் செயலாளராக இருந்த பெர்த்தா வான் சுட்னர் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அமைதிப் போராளியானார். இருவரும் நோபலின் கடைசிக் காலம் வரை கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

1888-ல் அண்ணன் லுட்விக் இறந்தபோது, இறந்தது ஆல்ஃபிரட் என்று நினைத்து பிரான்ஸில் தவறான மரணச் செய்தி வெளியானது என்றும், மரணத்தை விற்றவர் என்று அதில் தன்னைப் பற்றிப் படித்ததுதான் அவர் மனதை மாற்றியது என்றும் ஒரு கதை உண்டு. அவர் உயிலுக்கு அதுதான் ஒரே காரணமா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை.

ஆனா ஒரு விஷயம் உறுதி. மருத்துவ ஆராய்ச்சியில் அவருக்கு உண்மையான ஆர்வம் இருந்தது. 1889 டிசம்பரில் அம்மா ஆண்ட்ரியெட் காலமானார். அம்மா விட்டுச்சென்ற சொத்திலிருந்து ஒரு பகுதியை, ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவக் கல்வி நிறுவனத்துக்கு அம்மா பெயரிலேயே ஆராய்ச்சி நிதியாகக் கொடுத்தார். பாரிஸுக்கு வெளியே செவ்ரான் என்ற இடத்தில் இருந்த தன் ஆய்வகத்துக்கு யோஹான்சன் என்ற இளம் ஸ்வீடன் விஞ்ஞானியை அழைத்து, ரத்தம் ஏற்றுவது பற்றிய பரிசோதனைகளைச் செய்ய வைத்தார்.

1895 நவம்பர் 27-ம் தேதி பாரிஸில் தன் கடைசி உயிலில் கையெழுத்திட்டார். சொத்தின் பெரும்பகுதி, சுமார் 3 கோடியே 10 லட்சம் ஸ்வீடிஷ் குரோனர், பரிசுகளுக்கு என்று எழுதிவைத்தார். இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், அமைதி என ஐந்து துறைகள். மருத்துவப் பரிசைத் தேர்வு செய்யும் பொறுப்பைக் கரோலின்ஸ்காவிடம் கொடுத்தார்.

அதற்கு அடுத்த ஆண்டுதான் அந்த மருந்துச் சீட்டு வந்தது. நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின். தலைவலி வரும் என்பது அவருக்குத் தெரியும். தலைவலி கொடுக்கும் ஒரு பொருள் நெஞ்சுவலியைப் போக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை. விதியின் விளையாட்டைப் பார்த்தீர்களா என்கிற தொனியில் 1896 அக்டோபரில் தன் உதவியாளர் ராக்னர் சோல்மனுக்கு இதைப் பற்றி ஒரு கடிதமும் எழுதினார். டிசம்பர் 10-ம் தேதி இத்தாலியின் சான் ரெமோவில், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோனார். வயது 63.

உயிலை உறவினர்கள் எதிர்த்தார்கள். அப்போது 26 வயதுதான் ஆகியிருந்த சோல்மன், பல சட்டச் சிக்கல்களைத் தாண்டி அதை நிறைவேற்றினார். முதல் நோபல் பரிசுகள் 1901-ல் வழங்கப்பட்டன.

80 ஆண்டுப் புதிருக்கு விடை

நைட்ரோகிளிசரின் வேலை செய்கிறது, ஆனா எப்படி? இந்தக் கேள்வி 1970-கள் வரை அப்படியே இருந்தது.

1977-ல் அமெரிக்க மருத்துவர் ஃபெரித் முராத் ஒரு துப்பைக் கண்டுபிடித்தார். நைட்ரோகிளிசரின் உடலுக்குள் போனதும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வெளியாகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசையை அந்த வாயுதான் தளர்த்துகிறது. 1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் ரத்தக்குழாய்களை வைத்துச் செய்த சோதனையில் இன்னொரு உண்மை தெரிந்தது. குழாயின் உள்பக்கச் செல்கள் சிதையாமல் இருந்தால் அவையே ஏதோ ஒரு பொருளை அனுப்பி, தசையைத் தளரச் சொல்கின்றன. அந்த மர்மப் பொருள் எது? 1980-களின் பிற்பகுதியில் லூயிஸ் இக்னாரோ தனியாகவும், பிரிட்டனில் சால்வடோர் மொன்காடா குழுவினர் தனியாகவும் கண்டுபிடித்தார்கள். அதுவும் நைட்ரிக் ஆக்சைடுதான்!

விஞ்ஞானிகளுக்கு இது பெரிய அதிர்ச்சி. காரணம், வண்டிப் புகையிலும் சிகரெட் புகையிலும் இருக்கும் மாசு வாயு இது. அதையே நம் உடல் சொந்தமாகத் தயாரித்து, ரத்தக்குழாய்க்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்துகிறது. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிரிப்பூட்டும் வாயு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது என்பது விதி. மொன்காடாவுக்கு இடம் இல்லாமல் போனது ஏன் என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

குழந்தை பிறந்ததும் உடலுக்குள் நடப்பது என்ன?

இப்போது தொட்டில் பக்கம் வருவோம்.

கருவறையில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சுவிடுவதில்லை. ஆக்சிஜன் அம்மாவிடமிருந்து நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி வழியாக வருகிறது. நுரையீரலுக்குள் திரவம் நிரம்பியிருக்கும். அதன் ரத்தக்குழாய்கள் இறுக்கமாகச் சுருங்கியிருக்கும். இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அங்கே போகும். மீதி ரத்தம் இரண்டு பைபாஸ் ரோடுகள் வழியாகப் போய்விடும். ஒன்று, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருக்கும் துளை. இன்னொன்று, நுரையீரலுக்குப் போகும் குழாயையும் உடலுக்குப் போகும் பெருந்தமனியையும் இணைக்கும் குறுக்குக் குழாய்.

குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்து வீறிட்டு அழும்போது எல்லாமே மாறுகிறது. நுரையீரலுக்குள் காற்று போகிறது. ரத்தக்குழாய்கள் விரிகின்றன. அப்படி விரியச் சொல்லும் முக்கியமான சிக்னல்களில் ஒன்று, குழந்தையின் உடலே தயாரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு. ரத்தம் நுரையீரலுக்குள் பாய்கிறது. பைபாஸ் பாதைகள் மெல்ல மூடிக்கொள்கின்றன.

சில குழந்தைகளுக்கு இந்த மாற்றம் நடப்பதில்லை. பிரசவ வார்டில் குழந்தை உள்ளேயே மோஷன் போயிடுச்சு என்று சொல்வார்களே, அந்த மலம் கலந்த பனிக்குட நீர் நுரையீரலுக்குள் போவது ஒரு காரணம். கிருமித்தொற்று, பிறக்கும்போது ஆக்சிஜன் குறைவது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் பிறவி ஓட்டை இருப்பது ஆகியவையும் காரணங்கள். நுரையீரல் குழாய்கள் இறுகியே கிடக்கும். ரத்தம் மறுபடியும் பைபாஸ் வழியாகவே போகும். ஆக்சிஜன் ஏறாமல் குழந்தை நீலம் பாரிக்கும். ஆக்சிஜன் குறையக் குறைய குழாய்கள் இன்னும் இறுகும். பச்சிளங்குழந்தையின் தொடர் நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் என்று இதைச் சொல்கிறார்கள். பிறக்கும் 1,000 குழந்தைகளில் சுமார் 2 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் மாதம் முடிந்து பிறந்த, நல்ல எடை உள்ள குழந்தைகள்தான் இதில் சிக்குகிறார்கள்.

பழைய மருந்தில் என்ன சிக்கல்?

குழாய் இறுகியிருக்கிறது, அப்போ விரிக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டியதுதானே என்று தோன்றும். அதைத்தான் முதலில் செய்தார்கள். டோலசோலின் என்ற மருந்தை நரம்பு ஊசி வழியாக ஏற்றினார்கள். ஆனா ரத்தத்தில் ஏற்றும் மருந்துக்கு நுரையீரல் எது, மற்ற இடம் எது என்று தெரியாது. உடம்பில் உள்ள எல்லாக் குழாய்களையும் விரித்துவிடும். ரத்த அழுத்தம் தடாலென்று விழும். வயிற்றில் ரத்தக்கசிவும் வரும். உடலின் ரத்த அழுத்தம் விழுந்தால் பைபாஸ் வழியாகப் போகும் ரத்தம் இன்னும் அதிகமாகும். காப்பாற்றக் கொடுத்த மருந்தே நிலைமையை மோசமாக்கும்.

இன்னொரு வழி எக்மோ. பிரபலங்கள் ஐசியூவில் இருந்தபோது செய்திகளில் அடிபட்ட அதே கருவிதான். கழுத்தில் பெரிய குழாய் போட்டு, ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும். பச்சிளங்குழந்தைக்கு அது ரத்தக்கசிவு ஆபத்து நிறைந்த, செலவும் மிக அதிகமான சிகிச்சை.

குழாய் வழியாக வேண்டாம், மூச்சு வழியாக!

நைட்ரிக் ஆக்சைடு பற்றிய கண்டுபிடிப்புகள் வந்த சில ஆண்டுகளில் மருத்துவர்களுக்கு ஒரு யோசனை பிறந்தது. இது வாயுதானே, வென்டிலேட்டர் காற்றோடு கலந்து மூச்சிலேயே கொடுத்தால் என்ன?

இதில் இரண்டு அனுகூலங்கள். முதலாவது, காற்று எந்தப் பகுதிக்குப் போகிறதோ அங்கே உள்ள குழாய்கள் மட்டும் விரியும். இரண்டாவது, அந்த வாயு ரத்தத்தில் இறங்கியதும் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் அதை நொடிகளில் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். அதனால் உடலின் மற்ற பகுதிகளில் ரத்த அழுத்தம் விழாது. வேலை முடிந்ததும் வாசலிலேயே நின்றுவிடும் மருந்து!

முதலில் ஆட்டுக்குட்டிகளில் சோதித்தார்கள். 1992-ல் அமெரிக்காவின் பாஸ்டன், டென்வர் நகரங்களில் இரண்டு மருத்துவக் குழுக்கள், இந்த வாயுவைச் சுவாசித்த குழந்தைகளுக்கு ஆக்சிஜன் ஏறியதை அறிவித்தன. 1997-ல் அமெரிக்கா, கனடாவில் 235 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. வாயு கொடுக்கப்படாத குழந்தைகளில் 64% பேர் இறந்தார்கள் அல்லது அவர்களுக்கு எக்மோ தேவைப்பட்டது. வாயு கொடுக்கப்பட்டவர்களில் அது 46% ஆகக் குறைந்தது. 1999 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் தந்தது.

வழக்கமாகத் தொடங்கும் அளவு 20 பிபிஎம். அதாவது 10 லட்சம் பங்கு காற்றில் 20 பங்கு. கேட்கச் சின்னதாக இருந்தாலும் கண்காணிப்பு அதிகம். ஆக்சிஜனோடு சேர்ந்து இது நைட்ரஜன் டைஆக்சைடு என்ற நச்சு வாயுவாக மாறலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்க முடியாத மெட்ஹீமோகுளோபின் கூடலாம். இரண்டையும் தொடர்ந்து அளக்க வேண்டும். சட்டென்று நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் குழாய்கள் முன்பைவிட மோசமாக இறுகிவிடலாம். படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள்.

எல்லாக் குழந்தைக்கும் பலன் தருமா?

இல்லை. அதே 1997 ஆய்வில், எக்மோ தேவை குறைந்ததே தவிர, இறப்பு விகிதத்தில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பக்கம் 17%, இன்னொரு பக்கம் 14%. வாயு பலிக்காத குழந்தைகளுக்கு அங்கே எக்மோ தயாராக இருந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உதரவிதான ஓட்டையோடு பிறந்த குழந்தைகளுக்கு இந்த வாயு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு இதை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க ஆதாரம் போதாது என்று 2010-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு சொன்னது. இதயத்தின் அமைப்பிலேயே கோளாறு இருந்தால் சில வகைகளில் இந்த வாயு கெடுதலும் செய்யும். அதனால்தான் முதலில் எக்கோ பரிசோதனை செய்து பார்க்கிறார்கள்.

வாயு இல்லாத மருத்துவமனையில்?

சிலிண்டர், அதைச் செலுத்தும் கருவி, கண்காணிப்பு என்று நைட்ரிக் ஆக்சைடு சிகிச்சைக்கு ஆகும் செலவு மிக அதிகம். எல்லா ஊரிலும் கிடைக்காது. அங்கே மருத்துவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது சில்டெனாஃபில். ஆமாம், வயாகரா என்ற பெயரில் எல்லாருக்கும் தெரிந்த அதே மருந்து!

இதுவும் முதலில் இதயவலிக்காக ஆராயப்பட்ட மருந்துதான். நைட்ரிக் ஆக்சைடு அனுப்பும் தளரும் சிக்னலை உடல் சில நொடிகளில் அழித்துவிடும். அப்படி அழிக்கும் நொதியை சில்டெனாஃபில் தடுக்கிறது. அதனால் குழந்தையின் உடலில் இருக்கும் கொஞ்சநஞ்ச சிக்னலும் கூடுதல் நேரம் நீடிக்கும். 2006-ல் கொலம்பியாவிலிருந்து வெளியான மிகச் சிறிய ஆய்வில் 13 குழந்தைகள் இருந்தார்கள். மருந்து வாய்வழியாகக் கொடுக்கப்பட்ட 7 பேரில் 6 பேர் பிழைத்தார்கள். கொடுக்கப்படாத 6 பேரில் பிழைத்தது ஒருவர். 13 பேரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனா வாயுவும் எக்மோவும் இல்லாத இடங்களுக்கு அது ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது. இந்த மருந்தும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் கொடுக்க வேண்டியது.

எது காப்பாற்றியது?

டைனமைட்டைத் திருத்தித் திருத்தி நோபல் செய்துகொண்டே இருந்தபோது, தலைவலி ஏன் வருகிறது என்று ஆராய அவருக்கு வாய்ப்பும் இல்லை, அதற்கான அறிவியலும் அன்றைக்கு இல்லை. தனக்கான மருந்தை அவர் சந்தேகப்பட்டதில் தப்பும் இல்லை. ஆனா தெரியாததைத் தேடுபவர்களுக்குத் தன் பணம் போகட்டும் என்று எழுதிவைத்தார். அப்படித் தேடியவர்கள்தான் தலைவலியில் ஆரம்பித்து, ரத்தக்குழாய்ச் சுவர் வழியாக, பிறந்த குழந்தையின் முதல் மூச்சு வரை வந்து சேர்ந்தார்கள்.

ஒரு தாய் எட்டில் நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த காலம் இப்போது இல்லை. ஆனாலும் பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தை நீலம் பாரித்துக் கிடக்கும்போது, பக்கத்தில் அந்த சிலிண்டர் இருக்கிறதா, இல்லையா, இருக்கும் ஊருக்குக் குழந்தையை எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோக முடியும் என்பதுதான் இன்றைக்கும் அந்த உயிரைத் தீர்மானிக்கும் கேள்விகளில் ஒன்றாக இருக்கிறது.